குட்டி மார்த்தாவுக்குப் பசி

எங்கள் வால்ஃபேர் ஊரில் அலமாரித் தட்டுகள் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும்.

'கிணிங்' என்று ஒரு தட்டு சொல்லும். 'கிணிங் கிணிங்' என்று பக்கத்துத் தட்டு பதில் சொல்லும். யாரும் தொடவே வேண்டாம். ஆலைக்குள் குண்டு மார்த்தா ஒரு தடவை எழுந்து விழுந்தால் போதும், ஊரில் உள்ள அத்தனை தட்டும் குலுங்கும்.

குண்டு மார்த்தா யார் என்றா கேட்கிறீர்கள்? மனுஷி இல்லை, கண்ணுகளா. அவள் ஒரு நீராவிச் சுத்தியல். மாதா கோயில் கோபுரத்தில் பாதி உயரம் இருப்பாள். நீராவி அவளை மேலே தூக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் 'தொம்' என்று விழுவாள். ரயில் வண்டிகளின் சக்கரங்களுக்கு அச்சு செய்கிறவள் அவள்தான். அவளுடைய கைப்பிடியைப் பிடித்து ஏற்றி இறக்குகிறவர் எலுவா. அந்த எலுவாவின் மகள்தான் நம்முடைய சிதோனி.

சிதோனிக்குப் பத்து வயது. ஒல்லிக் கை, ஒல்லிக் கால். மரச்செருப்பு போட்டுக்கொண்டு அவள் ஓடினால் அவளுக்கு முன்னால் சத்தம் ஓடும்.

தினமும் மதியம் அவள் அப்பாவுக்குச் சூப் கொண்டுபோவாள். தகரத் தூக்கில் ஊற்றி, மூடி போட்டு, மேலே பழைய கம்பளித் துணியைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவாள். அவள் மட்டுமா? ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஓடுவார்கள். ஆலை வாசலில் தூக்குகள் வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் கை எப்போது ஒழிகிறதோ அப்போது வந்து எடுத்துக்கொள்வார்கள்.

கைதான் ஒழியாது. மார்த்தா நிற்கவே மாட்டாள். ஒரு இரும்பு போனால் அடுத்த இரும்பு வரும். அப்பா இடது கையில் தூக்கும் வலது கையில் மார்த்தாவின் கைப்பிடியுமாக, நின்றுகொண்டே குடிப்பார். அதற்குள் சூப் ஆறிப்போய், கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்திருக்கும். கூரையிலிருந்து கரி வேறு உதிரும்.

"சூப் எப்படிப்பா இருந்துச்சு?" என்று சாயங்காலம் சிதோனி கேட்பாள்.

"பிரமாதம்!"

"என்ன சூப்புன்னு சொல்லு பாக்கலாம்."

எலுவா மீசையைத் தடவி யோசிப்பார். "கரி சூப்பு."

"வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும்!"

"அப்படியா? கரிக்கு அடியில இருந்திருக்கும்."

சிதோனி சிரிப்பாள். அவளுடைய அம்மா ஓர்தான்ஸ் சிரிக்க மாட்டாள். விடியற்காலையில் எழுந்து அந்தச் சூப்பை வைக்கிறவள் அவள்தானே.

ஒருநாள் ஆலைக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசினார்கள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மதியம் கொஞ்ச நேரம் மார்த்தாவை நிறுத்த வேண்டும். எல்லாரும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்ல எலுவாவும் இன்னும் சிலரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளி வால்த்ருஷிடம் போனார்கள்.

முதலாளி வால்த்ருஷ் உருண்டையான மனிதர். விரலுக்கு விரல் மோதிரம் போட்டிருப்பார்.

"மார்த்தா நிக்கணுமா? சூப்புக்காகவா?" என்று கேட்டார் அவர். "ஏம்ப்பா எலுவா, மார்த்தா என்னிக்காவது எங்கிட்ட சூப் கேட்டிருக்காளா?"

"இல்லீங்க ஐயா."

"உக்காரணும்னு கேட்டிருக்காளா?"

"இல்லீங்க."

"அவளே கேக்கலை. உங்களுக்கு மட்டும் என்ன?"

எலுவா தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டார். முதலாளிக்கு முன்னால் அவர் தொப்பி போட்டது அன்றுதான் முதல் தடவை.

"அப்ப மார்த்தாவே தனியா வேலை பாத்துக்கட்டும் ஐயா," என்றார்.

அன்று மதியம் ஆலையில் எல்லாரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். சூப்புக்கு நேரம் கொடுத்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தட்டுகள் பேசவில்லை.

அந்த அமைதி பழக்கமில்லாமல் ஊரே தவித்தது. பக்கத்து வீட்டு ஜுஸ்தீனின் கைக்குழந்தை 'தொம் தொம்' சத்தம் இல்லாமல் தூங்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஜுஸ்தீன் மாவுக் கட்டையால் சுவரில் இடித்து இடித்துத் தூங்க வைத்தாள்.

"உங்கப்பன் செய்யற வேலைக்கு நான் மார்த்தாவாகிட்டேன் பாரு!" என்று சிதோனியிடம் சொன்னாள். சொன்னாளே தவிர, கட்டையை நிறுத்தவில்லை.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன்.

முதலாளி வால்த்ருஷிடம் ஒரு மேசைக் கடிகாரம் இருந்தது. பாரிஸில் சொல்லிச் செய்த கடிகாரம். ரயில் இன்ஜின் மாதிரி, கலங்கரை விளக்கம் மாதிரி, கொதிகலன் மாதிரியெல்லாம் அங்கே கடிகாரம் செய்வார்கள். ஆலை வைத்திருப்பவர்கள் வாங்கி வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள். முதலாளி கேட்டது மார்த்தா மாதிரி.

அப்படியே அச்சாக மார்த்தாதான்! கறுப்புச் சலவைக்கல் மேல் இரண்டு பித்தளைக் கால்கள். கால்கள் சேருகிற இடத்தில் வெள்ளை முகமும் இரண்டு முள்ளும். கீழே வெள்ளி முலாம் பூசிய குட்டிச் சுத்தியல். அது மேலே போகும், கீழே வரும். டொக். மேலே போகும், கீழே வரும். டொக். பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கைப்பிடிகூட உண்டு.

முதல்முதலாக அதைப் பார்த்தபோது சிதோனி கேட்டாள், "கைப்பிடி இருக்கு. எங்கப்பா எங்கே?"

"உங்கப்பாவை வைக்க எடமில்லையாம்," என்றாள் பெலாஜி.

பெலாஜிதான் அந்தப் பெரிய வீட்டைக் கவனித்துக்கொள்பவள். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு. சிதோனியின் அம்மா தினமும் காலையில் அங்கே துணி இஸ்திரி போடப் போவாள். பள்ளிக்கூடம் தொடங்கும்வரை சிதோனியும் கூடப் போவாள்.

அந்தக் கடிகாரத்தில் ஒரு விஷயம் உண்டு. அதற்கு வயிறு இரண்டு. முகத்துக்கு நேரே, முன்பக்கம் ஒரு சாவித்துளை. அது முள்ளை ஓட்டும் சுருள்வில்லுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதலாளி வீட்டாரை எல்லாம் நிற்க வைத்து, பெரிய சாவியால் அதைத் திருகுவார். ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை.

பின்பக்கம், இரண்டு பித்தளைக் குழாய்களுக்கு நடுவே இன்னொரு துளை. அது சுத்தியலை ஓட்டும் சுருள்வில்லுக்கு. சுத்தியல் ஓயாமல் உழைக்கிறது அல்லவா, அதற்கு ஒரு நாள் தவறாமல் சாவி கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது துளை முதலாளிக்குத் தெரியவே தெரியாது!

கடிகாரம் வந்த மறுநாளே சுத்தியல் நின்றுபோனது. முதலாளி வீட்டைத் தலைகீழாக்கினார். அடுத்த நாள் தூசி துடைக்கும்போது பெலாஜி துளையைக் கண்டுபிடித்தாள். சின்னச் சாவியைத் தேடி எடுத்துத் திருகினாள். சுத்தியல் ஓடியது. 'என் கோபத்துக்குப் பயந்து ஓடிவிட்டது' என்று முதலாளி பெருமைப்பட்டுக்கொண்டார்.

"அவருகிட்ட உண்மையைச் சொல்லலையா நீங்க?" என்று சிதோனி கேட்டாள்.

"சொல்றதா? அவரு கடிகாரத்தைப் பத்தி அவருக்கே சொல்லவா? 'எனக்குத் தெரியாதா'ன்னு சீலிங் வரைக்கும் குதிப்பாரு. அப்புறம் சீலிங்கை யாரு துடைக்கிறது? நான்தான்."

பெலாஜிக்குக் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். அதனால் தினமும் காலையில் முதலாளி எழுந்திருக்கும் முன்னே சாவி கொடுக்கும் வேலை சிதோனியுடையது. கூலி, ஒரு சர்க்கரைக் கட்டி.

முதல் நாள் சுத்தியல் ஓடும்போதே சிதோனி சாவியைத் திருகப் பார்த்தாள். சாவி எகிறி அவள் விரல் முட்டியில் அடித்தது. "அடி அசடு!" என்றாள் பெலாஜி. "மொதல்ல அந்தக் கொக்கியைத் தள்ளு. சுத்தியல் நிக்கட்டும். நின்னப்புறம் சாவி கொடு. ஓடறப்ப எதுவும் உள்ளே போகாது." அன்றிலிருந்து சிதோனி கொக்கியைத் தள்ளிவிட்டுத்தான் திருகுவாள்.

சரி. வேலை நின்ற மூன்றாம் நாள் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கடிகாரத்தை வரவேற்பறையிலிருந்து எடுத்து வரச்சொல்லி, சதுக்கத்தைப் பார்த்த பெரிய ஜன்னலில் வைத்தார். சதுக்கத்தில்தான் ஆலைக்காரர்கள் கூடுவார்கள். முதலாளி ஜன்னல் கதவைத் திறந்தார்.

"பாருங்கப்பா! நல்லாப் பாருங்க!" என்று கத்தினார். "இதுதான் நல்ல வேலைக்காரி! சூப் கேக்க மாட்டா. உக்கார எடம் கேக்க மாட்டா. ஆளே இல்லாம வேலை பாக்கறா. உங்களை மாதிரி இல்லை!"

டொக். டொக். டொக்.

சதுக்கத்தில் நின்றவர்கள் ஜன்னலையே பார்த்தார்கள். விடிந்து எழுந்தால் அந்தச் சுத்தியல். மாலை திரும்பினால் அந்தச் சுத்தியல். தாங்கள் இல்லாமலே உலகம் ஓடுகிற மாதிரி அவர்களுக்குத் தோன்றத் தொடங்கியது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது குறைந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலுவா வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை போயிடலாம்னு பேசிக்கிறாங்க," என்றார்.

"சூப்புக்கு நேரம் கொடுத்துட்டாரா?" என்று கேட்டாள் சிதோனி.

"இல்லை. நின்னுக்கிட்டே குடிச்சுக்கலாம். பழகினதுதானே." அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொம்மை நிக்காம ஓடுது பாரு சிதோனி. அதைப் பாத்தா எனக்கே என் மேல வெறுப்பா இருக்கு."

சிதோனிக்கு முகம் சூடாகிவிட்டது. ஓடுவதா? அதுவாகவா? தினமும் காலையில் விரல் சிவக்கச் சிவக்க அதற்குச் சாவி கொடுப்பது யார்?

நான்! நானேதான் எங்கப்பாவைக் கேலி செய்யும் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன்!

அவள் அம்மாவிடம் போனாள். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சிதோனி எல்லாவற்றையும் அம்மா காதில் சொன்னாள்.

"நாளைக்கு நான் சாவி கொடுக்கப் போறதில்லைம்மா. ஆனா உன் வேலை போயிடுமோன்னு..."

அம்மாவின் கத்தி நின்றது. பிறகு மறுபடி சீவியது. தோல் அறுபடாமல் நீளமாக, ரிப்பன் மாதிரி இறங்கியது.

"துணிக்கு இஸ்திரி போடறது என் கை," என்றாள் அம்மா. "சாவி கொடுக்கிறது உன் கை. உன் கையை என்ன செய்யணும்னு எங்கிட்ட ஏன் கேக்கறே?"

சனிக்கிழமை காலை பெலாஜி இடுப்பிலிருந்து சின்னச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"இந்தா குருவி, சீக்கிரம்! ரயில் கம்பெனி ஐயாமாரு இன்னிக்கு வர்றாங்க. அவரு கத்தறதுக்குள்ள முடி."

சிதோனி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன்."

"என்னது?"

"சாவி கொடுக்க மாட்டேன். சொல்லாம ஓடிப்போகலை, உங்க முகத்துக்கு நேராச் சொல்றேன். உங்களுக்கு வம்பு வரும்னா நீங்களே கொடுத்துடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா என் கை இனிமே கொடுக்காது. எங்கப்பாவுக்கு உக்காந்து சூப் குடிக்க நேரம் கிடைக்கிற வரைக்கும் கொடுக்காது."

பெலாஜி சிதோனியைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். ஜன்னலில் டொக் டொக் என்று கொஞ்சம் சோர்வாக அடித்துக்கொண்டிருந்த குட்டி மார்த்தாவைப் பார்த்தாள். அப்புறம் சாவியை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"அய்யோ, இந்த முதுகுவலி இருக்கே! சரியா சனிக்கிழமை பாத்துத்தான் வரும். கையை நீட்டு."

சிதோனி நீட்டினாள். உள்ளங்கையில் அன்று இரண்டு சர்க்கரைக் கட்டிகள் விழுந்தன.

ரயில் கம்பெனிக்காரர்கள் முற்பகலில் வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் நெட்டை, ஒருவர் தாடிக்காரர். முதலாளி அவர்களை நேரே அந்த ஜன்னலுக்கு அழைத்துப் போனார். வெளியே சதுக்கம் நிறைய ஜனம். நடுவில் எலுவா. முன் வரிசையில் சிதோனி. அவள் பக்கத்தில் குழந்தையும் மாவுக் கட்டையுமாக ஜுஸ்தீன்.

"என் ஆலையைப் பத்தி ஏதேதோ கேள்விப்பட்டிருப்பீங்க," என்றார் முதலாளி. "கவலைப்படாதீங்க. இதைப் பாருங்க. ஓயாத உழைப்பு! நிக்கவே நிக்காது!"

டொக்.

டொக்...

குட்டிச் சுத்தியல் மெல்ல மேலே போனது. அங்கேயே நின்றது.

எல்லாரும் காத்திருந்தார்கள். தாடிக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"நின்னுடுச்சே," என்றார்.

"நிக்காது! முள்ளு ஓடுது பாருங்க!" முதலாளி பெரிய சாவியை எடுத்து முன்பக்கத் துளையில் விட்டுத் திருகினார். அது ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. சாவி அசையவில்லை. முள் தன்பாட்டுக்கு ஓடியது. சுத்தியல் வரவில்லை. அவர் கடிகாரத்தைத் தட்டினார். ஊதினார். பல்லைக் கடித்து முறைத்தார்.

"பெலாஜி! இதுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்னங்க தெரியும்? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்கதானே ஓட வைக்கிறீங்க," என்றாள் பெலாஜி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போது வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதுக்குப் பசிக்குதுங்க ஐயா."

சதுக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிதோனி மரச்செருப்பு டக் டக் என்று ஒலிக்க, ஜன்னலுக்குக் கிட்டே போய் நின்றாள்.

"பின்னாடி இன்னொரு துளை இருக்கு. தினம் காலையில நான்தான் சாவி கொடுத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குக் கொடுக்கலை. அதான் நின்னுடுச்சு."

"ஆளே இல்லாம ஓடுதுன்னாரே!" என்றாள் ஜுஸ்தீன் உரக்க. "இதோ நிக்குது பாரு ஆளு, ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு!"

சிரிப்பு வெடித்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சதுக்கத்தில் கேட்ட சிரிப்பு. முதலாளியின் காது சிவந்துவிட்டது.

"உள்ளே வா! சாவி கொடு!"

"மாட்டேன்."

"என்ன சொன்னே?"

"மாட்டேன்னு சொன்னேன் ஐயா."

"நீ இல்லைன்னா எனக்குத் தெரியாதா?" முதலாளி பெலாஜியிடமிருந்து சின்னச் சாவியைப் பிடுங்கினார். கடிகாரத்தின் பின்னால் கையை நுழைத்தார். சாவி துளைக்குள் போகவில்லை, கீழே விழுந்தது. அவருடைய விரல் மட்டும் இரண்டு குழாய்க்கு நடுவே போனது. போனது திரும்பி வரவில்லை. மோதிரம் மாட்டிக்கொண்டது!

இழுத்தார். கடிகாரமும் கூடவே வந்தது. சலவைக்கல், பித்தளைக்கால், சுத்தியல் எல்லாம் சேர்ந்து ஒரு விரலில் தொங்கின. நெட்டைக்காரர் ஓடிவந்து அடியில் தாங்கிப் பிடித்தார்.

"விடாதடி மார்த்தா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். "அப்படியே பிடிச்சுக்கோ!"

"சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும்! நின்னுக்கிட்டே சூப் குடிக்கட்டும்!" என்றாள் ஜுஸ்தீன்.

முதலாளியின் நெற்றியில் வியர்வை. விரல் நுனி நீலமாக மாறிக்கொண்டிருந்தது. சிதோனி அதைப் பார்த்தாள். வலிக்குமே என்று நினைத்தாள். சாவி எகிறி முட்டியில் அடித்த வலி அவளுக்குத் தெரியும்.

அவள் உள்ளே ஓடினாள். அம்மாவின் துணி வெளுக்கும் சோப்பையும் ஈரத் துணியையும் எடுத்துவந்தாள்.

"ஆட்டாதீங்க ஐயா. இழுத்தா இன்னும் வீங்கும்," என்று சொல்லிக்கொண்டே விரலைச் சுற்றிச் சோப்பைத் தடவினாள். "விரலுக்கு உதவி பண்றேன். ஆனா சாவிக்குப் பண்ண மாட்டேன். அது வேற, இது வேற."

'ப்ளக்' என்று விரல் வெளியே வந்தது. மோதிரம் தரையில் உருண்டது. முதலாளி விரலை வாயில் வைத்துக்கொண்டார். சோப்புச் சுவையில் முகத்தைச் சுளித்தார்.

"ஏன்?" என்று கேட்டார். இந்தத் தடவை கத்தவில்லை. "ஏன் மாட்டேங்கிறே? இத்தனை நாள் கொடுத்தியே."

சிதோனி கடிகாரத்தின் பின்னாலிருந்த சின்னக் கொக்கியைக் காட்டினாள்.

"இதைப் பாருங்க ஐயா. மொதல்ல இதைத் தள்ளணும். சுத்தியலை நிறுத்தணும். நிறுத்தினப்புறம்தான் சாவி கொடுக்க முடியும். ஓடிக்கிட்டே இருந்தா உள்ளே போகாது, கையிலதான் அடிக்கும். இது பித்தளைப் பொம்மை. இதுக்கே சாப்பிடற நேரத்துல வேலை கிடையாது. எங்கப்பா மட்டும் மார்த்தாவை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில கரி விழுந்த சூப்பைக் குடிக்கணும். பொம்மையை ஒரு மாதிரி, எங்கப்பாவை ஒரு மாதிரி நடத்தற வீட்டுல என் கை வேலை செய்யாது."

எலுவா தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

தாடிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"வால்த்ருஷ் ஐயா, பொம்மையை நாங்க வாங்க வரலை. எங்களுக்குச் சக்கர அச்சு வேணும். பெரிய மார்த்தா எப்ப எழுந்திரிப்பா?"

முதலாளி ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். இப்போது ஒருவர்கூடத் தலையைக் குனியவில்லை.

"ஒரு தூக்கு சூப் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவர் உறுமினார்.

"சூப்புக்குக் கால் மணி," என்றார் எலுவா.

"சரி. கால் மணி!"

"அப்புறம் ரொட்டி இருக்கே," என்றாள் ஜுஸ்தீன்.

"அரை மணி!"

"ரொட்டிக்குப் பின்னாடி சீஸு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சாப்பிட்டதும் எழுந்தா வயித்தைப் பிடிச்சுக்குமே!" என்றது இன்னொரு குரல்.

"எங்க வீட்டுக்காரரு மெதுவாத்தான் மெல்லுவாரு. பல்லு ரெண்டு போயிடுச்சு!"

"போதும்! போதும்!" முதலாளி இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கை முழுக்கச் சோப்பு நுரை. "பன்னெண்டு அடிச்சா மார்த்தா நிக்கட்டும். ஒண்ணு அடிச்சா எழுந்திரிக்கட்டும். அதுக்கு மேல ஒரு வாய் சீஸ்கூடக் கிடையாது!"

தொப்பிகள் எல்லாம் மேலே பறந்தன. ஜுஸ்தீன் மாவுக் கட்டையால் ஜன்னல் திண்டில் 'தொம் தொம்' என்று இடித்தாள். உடனே குழந்தை தூங்கிப்போனது.

"இப்பவாவது சாவி கொடேன்," என்றார் முதலாளி சிதோனியிடம். "மேலேயே நிக்குது பாரு, அசிங்கமா."

"திங்கக்கிழமை கொடுக்கறேன் ஐயா. பன்னெண்டு அடிச்சு, மார்த்தா நின்னதைப் பாத்துட்டு."

"என்னை நம்ப மாட்டியா?"

"நம்பறேன்," என்றாள் சிதோனி. "ஆனா பாத்துட்டுக் கொடுக்கறேன்."

பெலாஜி அவசரமாக அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

திங்கட்கிழமை விடிந்தது. தொம் என்றாள் குண்டு மார்த்தா. கிணிங் என்றன தட்டுகள்.

மதியம் மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. எலுவா கைப்பிடியை மேலே தள்ளினார். மார்த்தா நெடுமூச்சு விட்டுக்கொண்டு, வெள்ளை நீராவியைத் தலைக்கு மேலே விட்டு, அப்படியே நின்றாள். ஊரில் இருந்த தட்டுகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

ஆலைக் கதவு திறந்தது. தூக்கை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். வெயில் விழும் சுவரோரமாக ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் சிலர், பலகை மேல் சிலர். எலுவா தன் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

சிதோனி கம்பளித் துணியைப் பிரித்து மூடியைத் திறந்தாள். குபுகுபுவென்று ஆவி எழுந்தது. முட்டைக்கோஸ் வாசனை, பன்றி இறைச்சி வாசனை. எலுவா கரண்டி நிறைய மொண்டு, ஆசையாக ஒரே வாயாக விழுங்கினார்.

"ஆஆஆ!"

அவர் துள்ளி எழுந்தார். கண்ணில் நீர் முட்டியது. அந்தப் பக்கம் ஒருவர் "ஊஊ!" என்று கத்தினார். இந்தப் பக்கம் ஒருவர் நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறினார். சுவரோரம் முழுக்க ஒரே கூச்சல்.

"என்னப்பா ஆச்சு?"

"சுடுது சிதோனி! சுடுது!" என்று எலுவா சொன்னார், வாய் நிறையச் சிரிப்போடு.

சூடான சூப்பை எப்படிக் குடிப்பது என்று அத்தனை பேருக்கும் மறந்தே போயிருந்தது. சிதோனி அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தாள். கரண்டியை வாங்கி, உதட்டைக் குவித்து, ஊதிக் காட்டினாள்.